எட்டும் இரண்டும்

ஜூன் 4

அக்காவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எடுத்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், மாமா நடுவில் போனை வாங்கி "சாப்பிட்டியாப்பா?" என்பார். பேசவேண்டியதைப் பேசாமலே மூன்று பேரும் வைத்துவிடுவோம். கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கேள்விக்காரம்மா என்னைக் கூப்பிட்டார். இந்த மறுவாழ்வு மையத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு வந்த எல்லாருடைய வாழ்க்கையும் எப்படி இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. உடம்பு, மனசு, தூக்கம், வலி, வெளியே போய் வருவது, நாலு பேரோடு பழகுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். கடைசியில் மொத்த வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரு எண். உடம்புக்கு நான் ஒன்பது சொன்னேன், மொத்தத்துக்கு எட்டு. நெருங்கிய சொந்தம் ஒருவரிடமும் அதையே கேட்பது இங்கே வழக்கம். உன்னிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். நீ இரண்டு சொல்லியிருக்கிறாய்.

இரண்டு! பூஜ்ஜியம் போட மட்டும் கை வரவில்லையாக்கும்? பள்ளிக்கூடத்தில் கணக்குப் பேப்பர் திருத்துகிற அதே சிவப்பு மையை என் தலையிலும் கொட்டிவிட்டாய். அந்தம்மா உன்னிடம் "உங்க தம்பி என்ன எண் சொல்வார்னு நினைக்கிறீங்க?" என்றுதான் கேட்டாராம். நான் என்ன சொல்வேன் என்பதுதானே கேள்வி? நீ என்ன நினைக்கிறாய் என்று உன்னை யார் கேட்டது?

இது வெறும் எண் என்று நினைக்காதே. மையத்துக்குப் பின்னால் தனியாக இருக்கப் பழகியவர்களுக்குத் தரைத்தள வீடுகள் இருக்கின்றன. அகலமான கதவு, தாழ்வான அடுப்புமேடை, சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்குக் குளியலறை. ஒன்று காலியாகிறது, வரிசையில் முதல் ஆள் நான். இந்த ஊரிலேயே இருந்தால் என் பழைய லிப்ட் கம்பெனியும் வேலை தருகிறேன் என்கிறது. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் உன் இரண்டு வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. "ரெண்டு பேர் சொல்றதும் இவ்வளவு தள்ளி இருந்தா யாரோ எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். மாசக் கடைசியில மறுபடி கேக்குறோம். அப்பவும் இப்படியே இருந்தா வீடு அடுத்தவருக்கு" என்று வீடு ஒதுக்குகிற குழு சொல்லிவிட்டது.

அப்புறம் நான் உன் வீட்டு முன்னறைக்குத் திரும்பி வரவேண்டியதுதான். மையத்துக்குப் போன் செய், மாற்றிச் சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

தம்பி

ஜூன் 9

வாலுக்கு,

மாற்றிச் சொல்ல மாட்டேன். நீ தலைகீழாக நின்றாலும் மாட்டேன்.

கோபம் வந்தால் வரட்டும். உன் கோபத்தோடு என்னால் குடித்தனம் நடத்த முடியும். போன வருஷம் நடந்ததுதான் இன்னொரு தடவை என்னால் முடியாது. நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். முன்னறையில் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று எலி செத்துக் கிடக்கிறதா என்று நானும் உன் மாமாவும் அலமாரியை நகர்த்தித் தேடினோம். நீ நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் பாருங்க மாமா" என்று எங்களுக்கு வழி வேறு காட்டினாய். நாற்றம் உன் இடுப்பிலிருந்து வந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து வந்த புண், எலும்புவரை போயிருந்தது. உனக்கு அங்கே உணர்ச்சி கிடையாது, சரி. ஆனால் கண்ணாடியில் பார்த்திருக்கிறாய். காய்ச்சல் வந்ததும் உனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தாய்.

மருத்துவர் வெளியே வந்து "ரத்தத்துல கிருமி கலந்திருக்கு, ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார். "கூடவே இருந்தீங்க, கவனிக்கலையா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். அவள் நர்ஸ், அவள் கேட்டதில் தப்பில்லை.

இப்போது நீ உடம்புக்கு ஒன்பது, மொத்தத்துக்கு எட்டு என்கிறாய். செத்துப் பிழைத்தவன் எட்டு சொன்னால் நான் நம்ப வேண்டுமா? காப்பியடித்தவனின் பேப்பரும் சுத்தமாகத்தான் இருக்கும். பல வருஷமாகத் திருத்துகிறேன், எனக்குத் தெரியாதா? நான் கண்ணால் பார்த்ததற்கு இரண்டுதான் போட முடியும்.

அங்கே தனி வீட்டில் நீ மறைத்தால் நாற்றத்தைக் கண்டுபிடிக்கக்கூட ஆள் இருக்காது. அதையும் யோசி.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

இப்போதுதான் உண்மை வெளியே வந்தது. நீ என் வாழ்க்கையை அளக்கவில்லை. நான் போகக்கூடாது என்று முடிவுசெய்துவிட்டு அதற்கு ஏற்றபடி எண் போட்டிருக்கிறாய். உன் வகுப்புப் பிள்ளை விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போட்டால் விடுவாயா?

புண்ணைப் பற்றிக் கேட்டாய். மறைத்தேன். ஏன் என்று நீ இதுவரை கேட்டதில்லை. மறைத்ததைத்தான் திட்டினாய்.

உன் முன்னறைக்குக் கதவு இருக்கிறது. நான் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட நாளிலிருந்து அந்தக் கதவை ஒருவரும் தட்டியதில்லை. நீ, மாமா, துணி வெளுக்கிறவர், உன் சக டீச்சர்கள், யார் வந்தாலும் நேரே உள்ளேதான். நான் துணி மாற்றிக்கொண்டிருப்பேன். சிறுநீர்ப் பையைக் காலி செய்துகொண்டிருப்பேன். "அட, நாங்கதானே!" என்பீர்கள். உன் சிநேகிதி ஒருத்தி என் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஐயோ பாவம், இந்த வயசுல" என்று எனக்கு மேலாக உன்னிடம் சொன்னாள். நான் அங்கே ஒரு மேசைபோலக் கிடந்தேன். அப்படிப்பட்ட அறையில் அரைக்கால் சட்டையை இறக்கி, "அக்கா, இங்க பாரு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என்னிடம் மிச்சமிருந்த ஒரே அந்தரங்கம் அந்தப் புண்தான். இதைக் கேட்க உனக்குக் கஷ்டமாக இருக்கும், எழுத எனக்கும் அப்படித்தான்.

என் எட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பலகையை வைத்து, கையை ஊன்றி, யாரும் தூக்காமல் நானே மாறுகிறேன். முதலில் மூட்டைபோல விழுந்தேன். பக்கத்துக் கட்டில் டிரைவர் அண்ணன், கழுத்துக்குக் கீழே அசையாத மனுஷர், அங்கிருந்தே "பிரேக்கைப் போடாம எறங்குறியே, லைசென்ஸ் யார்ரா குடுத்தது?" என்று கத்தினார். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே கிடந்தேன்.

வேலையைப் பற்றியும் கேள். நடுவழியில் நின்ற லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் மணி என் காதில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது பழகுவதற்காகச் சில மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொண்டு அலறினாள். அந்த வேலையில் முதல் பாடமே, "ஐயோ, பயப்படாதீங்க" என்று சொல்லாதே என்பதுதான். அவள் பயப்படுகிறாளா என்று நமக்கு எப்படித் தெரியும்? "உள்ள வெளிச்சம் இருக்கா? எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும், அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டேன். "பயமெல்லாம் இல்லைங்க, இன்னிக்கு எனக்கு இன்டர்வியூ, லேட்டாகுது, அதான் கத்துறேன்!" என்றாள்.

நீ ஒரு தடவையாவது என்னை அப்படிக் கேட்டிருக்கிறாயா?

தம்பி

ஜூன் 19

வாலுக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுக்கவில்லை. மேசையில் வைத்திருந்தேன், அவராகவே எடுத்துப் படித்தார். நம் வீட்டில் கடிதத்துக்கும் கதவு இல்லை என்று நீ சொல்லிக் காட்டுவாய், சொல்லிக்கொள்.

படித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, நீ அவனுக்கு மார்க் போட்டியா, இல்ல உனக்குப் போட்டுக்கிட்டியா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவரும் அசராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தக் கேள்விக்காரம்மாவே போன் செய்தார். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன். அவர் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்னிக்கு உங்களைப் பத்திக் கேக்கலாமா? பாத்துக்கிறவங்களையும் நாங்க அளப்போம்" என்றார். நல்லா அளங்க என்றேன். தூக்கம் எப்படி என்றார். நீ அங்கே போன பிறகும் உன் அறையிலிருந்து சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் படுக்கிறேன் என்று சொன்னேன். வெளியே போவது உண்டா என்றார். பள்ளிக்கூடம், வீடு. கடைசியாகச் சிரித்தது எப்போது என்றார். அடுத்த கேள்விக்குப் போங்க என்றேன். மொத்த வாழ்க்கைக்கு மூன்று சொன்னேன். அதிலும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்று கூட்டித்தான் சொன்னேன். உனக்குக் கழித்தல் தெரியும்.

அதனால் உடனே இறங்கி வந்துவிட்டேன் என்று துள்ளாதே. என் இரண்டு தப்பு என்றே வைத்துக்கொள்வோம், அதனால் உன் எட்டு சரியாகிவிடாது. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே கேட்கிறேன், முன்கூட்டி ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல். வலி என்ற இடத்தில் நீ என்ன சொன்னாய்? தூக்கத்தில் நீ பல்லைக் கடிக்கிற சத்தம் கூடம்வரை கேட்கும். பூசி மெழுகாமல் எழுது.

உண்மையைச் சொன்னால் மாதக் கடைசியில் அவர்கள் கேட்கும்போது நானும் உண்மையைச் சொல்கிறேன்.

அக்கா

ஜூன் 23

அக்காவுக்கு,

வலி இல்லை என்று சொன்னேன். பொய்.

இருக்கிறது. காலில்தான். கிள்ளினால் தெரியாத காலில் அடுப்புக் கங்கை வைத்ததுபோல எரியும். மருத்துவர் காரணம் சொன்னார், நரம்பு செய்கிற வேலையாம். காரணம் தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை. சில நாள் லிப்டுக்குள் இருப்பவரோடு பேசும்போதே வந்துவிடும், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். இதைச் சொன்னால் தனியாக விட மாட்டார்கள் என்று பயம். உனக்கும் தெரிந்துவிடும் என்று அதைவிடப் பயம்.

எட்டு முழுப்பொய் இல்லை அக்கா. நல்ல நாளில் எட்டு. எரிகிற நாளில் நாலு, ஐந்து. நான் நல்ல நாளைப் பார்த்துச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இன்று காலை நீளக்காம்புக் கண்ணாடியில் பார்த்தபோது இடுப்பில், பழைய தழும்புக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. தோல் கிழியவில்லை, அவ்வளவுதான். வேலை பழகும் ஆசையில் நாற்காலியிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். உடம்பைக் கையால் தூக்கித் தூக்கி உட்கார வேண்டும், மறந்துவிட்டேன்.

நர்ஸம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிலில் குப்புறப் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் குழு கேட்கும்போது புதுப் புண்ணோடு கிடப்பேன். அப்புறம் வீடாவது வேலையாவது.

உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டேன். நீ ஒரு போன் செய்தால் எல்லாம் முடிந்தது. உன் இரண்டும் சரி என்று ஆகிவிடும். என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி

ஜூன் 26

வாலுக்கு,

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது உன் கடிதம் வாசலில் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். மூன்று நாள் முந்தைய சிவப்பு இப்போது என்ன நிறத்தில் இருக்குமோ?

மையத்தின் எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்தேன். மறுபடி அழுத்தினேன். மாமா வந்து எதிரில் நின்றுகொண்டு, "பண்ணிடு. உசுரு விஷயம்" என்றார். நியாயம்தான். நான் சொன்னால் அவர்கள் ஓடிவந்து உன்னைப் புரட்டிப் பார்ப்பார்கள். உன்னையும் காப்பாற்றிவிடலாம். அதற்கப்புறம் நீ யாரிடமும், என்னிடமும்கூட, எதையும் காட்ட மாட்டாய். அதுவும் எனக்குத் தெரிந்தது.

அதனால்தான் நீ எடுக்காத அந்தப் போனுக்கு ஒரு வரி அனுப்பினேன். "நர்ஸம்மாவிடம் நீயே காட்டு, இப்பவே. நான் போன் பண்ண மாட்டேன்." நீ படித்துவிட்டாய் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை.

பாவி, ஒரு வார்த்தை அனுப்பக் கூடாதா? நான் போன் பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். ஆனால் உனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னை நான் மன்னிக்கவே மாட்டேன், உன்னையும்தான். இதைவிடக் கடினமான ஒன்றை நீ என்னிடம் கேட்டதே இல்லை.

அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எடுத்த எடுப்பில் இவள் எப்படி "இப்பவே" என்று உத்தரவு போடலாம் என்று. அப்புறம் இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்தேன். நான் போன் பண்ண மாட்டேன். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்னைத் தெரியாதா எனக்கு? என் பல்வலிக்கே பள்ளிக்கு லீவு போட்டவள். நீ எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். மணியை அழுத்தி நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். காட்டினேன். "மூணு நாளா வச்சிருந்தீங்களா? அறிவிருக்கா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். ஆழமாகப் போகவில்லை. அடுத்த நிமிஷமே குப்புறக் கவிழ்த்துவிட்டார்கள், அந்த அமளியில் போனை எங்கோ ஓர் இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். உன்னைத் தவிக்கவிட்டது நான் வேண்டுமென்று செய்ததில்லை.

மாதக் கடைசியில் கேள்விக்காரம்மா என் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து மறுபடி கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். வலிக்கு உள்ளதைச் சொன்னேன். உடம்புக்கு ஐந்து. மொத்த வாழ்க்கைக்கு ஆறு சொன்னேன். வீடு போச்சு என்று தீர்மானித்துவிட்டேன். டிரைவர் அண்ணன், "விடுறா, அடுத்த பஸ் வரும்" என்றார்.

நேற்று குழுவிலிருந்து மருத்துவர் வந்தார். "போன தடவை எல்லாம் நல்லா இருக்குன்னீங்க, உங்களை அனுப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. இப்ப பயம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. புண்ணு ஆறட்டும், போங்க" என்றார். குப்புறக் கிடந்தவன் அழுதால் தலையணைக்குத்தான் தெரியும், அந்த மட்டில் நல்லது.

போன தடவைபோல் இல்லை, உன் பதில்களை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்கள். இந்தத் தடவை என்ன சொன்னாய்?

தம்பி

ஜூலை 27

வாலுக்கு,

ரயிலில் எழுதுகிறேன். உன் வீட்டிலிருந்து கிளம்பி ஒரு நிலையம்கூடத் தாண்டவில்லை. நேரில் பேசமுடியாததை எழுதி நமக்குப் பழகிவிட்டது.

என்ன சொன்னேன் என்று கேட்டாய். வலிக்கு மட்டும் நீ எழுதியதைச் சொன்னேன். மற்ற எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியலம்மா, அவன்கிட்டதான் கேக்கணும்" என்றேன். "அப்படி ஒரு பதிலுக்கு இதுல இடமே இல்லையே" என்று அவர் திணறினார். "இடம் இல்லன்னா ஓரத்துல எழுதிக்கோங்க" என்றேன். எழுதிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன், உனக்குத் தெரியாத பாதியை.

நேற்று உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். வழக்கம்போலக் கை கைப்பிடிக்குத்தான் போனது. பிடித்தும் விட்டேன். பூட்டவில்லை, கொஞ்சம் அழுத்தியிருந்தால் திறந்திருக்கும். கையை எடுத்துவிட்டுத் தட்டினேன். "யாரு?" என்றாய். என் தம்பி வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் யார் என்று சொல்வது எனக்கு அதுதான் முதல் தடவை. "அக்காடா" என்றேன். "இரு, வர்றேன்" என்றாய்.

அப்புறம் உள்ளே பலகை இழுபடுகிற சத்தம் கேட்டது. உன் மூச்சு கேட்டது. என்னவோ தடால் என்று விழுந்தது, நீ யாரையோ திட்டினாய், பலகையைத்தான் என்று நினைக்கிறேன். என் கை மறுபடி கைப்பிடிக்குப் போனது. விழுந்துவிட்டாயோ, தலையில் அடிபட்டதோ, ஓர் அழுத்து அழுத்தினால் உள்ளே போய்விடலாம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் போகிறபோக்கில், "தெறந்துதான் இருக்கும்மா, போங்க" என்றார். "இல்லைங்க, அவன் வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றேன்.

நீ வெகுநேரம் எடுத்துக்கொண்டாய்.

நான் வெளியிலேயே நின்றேன்.

அக்கா